சோளக்காட்டுக்கு யாரை அழைப்பது?

கேள்வி:

வணக்கம் மேடம். நாங்கள் நியூ ஜெர்சியில் பதினோரு வருடமாக இருக்கிறோம். மகளுக்கு எட்டு முடிந்து ஒன்பது நடக்கிறது, மூன்றாம் வகுப்பு. பெண் பிள்ளைகளுக்கான சாரணர் அமைப்பான கேர்ள் ஸ்கவுட்ஸில் பிரவுனியாக, அதாவது இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பிரிவில் இருக்கிறாள். அவளுடைய ட்ரூப்புக்கு, அதாவது அவள் இருக்கும் சாரணர் குழுவுக்கு, நானும் ஒரு துணை லீடர். ஒவ்வொரு அக்டோபரிலும் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பக்கத்துப் பண்ணையில் இருக்கும் கார்ன் மேஸுக்கு, அதாவது சோளக்காட்டுக்குள் வெட்டி வைத்திருக்கும் சுற்றுவழிப் புதிருக்கு, போவோம். ஆறு வருடமாகப் பட்டியல் போடுவது, டிக்கெட் எடுப்பது, யார் என்ன சாப்பாடு கொண்டு வருவது என்று பிரிப்பது எல்லாம் நான்தான். மகள் ட்ரூப்பில் சேர்ந்த பிறகு அந்தப் பிள்ளைகளின் குடும்பங்களும் எங்களோடு வர ஆரம்பித்தார்கள்.

இந்த செப்டம்பரில் ட்ரூப்பில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். முதல் வகுப்பில் என் மகளோடு பையனாகப் படித்த குழந்தை. போன வருடம் பாதியில் பெயரை மாற்றிக்கொண்டு பெண்ணாகப் பள்ளிக்கு வர ஆரம்பித்தாள். என் மகளும் அவளும் நெருங்கிய தோழிகள். ஆனால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு அம்மாக்கள், அந்தக் குடும்பம் வந்தால் நாங்கள் வரவில்லை என்கிறார்கள். ஒருவர் அந்தக் குடும்பத்தை விட்டுவிட்டுத் தனிக் குழுவே தொடங்கிவிட்டார். இங்கிலாந்தில் இப்படிப்பட்ட குழந்தைகளைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு செய்தியையும் போட்டிருக்கிறார்கள். பாத்ரூம் என்ன செய்வது, மே மாதம் நடக்கும் இரவு முகாமில் என்ன செய்வது என்று கேட்கிறார்கள்.

என் கணவர், "எதுக்கு வம்பு, இந்த வருஷம் யாருக்குமே மேஸ் கிடையாதுன்னு சொல்லிடு" என்கிறார். கும்பகோணத்திலிருந்து மாமியார் வேறு வந்திருக்கிறார். அவரிடம் எப்படிச் சொல்வது? விஷயம் தெரியாத குடும்பங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமா? என் மகள் குழம்பிவிடுவாளா? எனக்கு இதெல்லாம் புதிது, ஒன்றும் தெரியவில்லை. நேற்று இரவு மகள், "அவ பேரை லிஸ்ட்ல போட்டியாம்மா?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் விளக்கை அணைத்துவிட்டேன்.

— ஓர் அம்மா, நியூ ஜெர்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மகளுக்குப் பதில் சொல்லிவிடுவோம். அந்தப் பெண்ணின் பெயரைப் பட்டியலில் போடுங்கள். இன்று இரவு விளக்கை அணைப்பதற்கு முன்னால், "போட்டுட்டேன்டா" என்று மகளிடம் சொல்லுங்கள். மற்றதெல்லாம் பெரியவர்களின் சிக்கல். அதைப் பொறுமையாகப் பேசித் தீர்க்கலாம். அதுவரை இரண்டு குழந்தைகள் காத்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் கணவர் சொன்ன வழியை நான் குறைவாக நினைக்கவில்லை. ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு நண்பர்கள்தான் உறவு. பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது பூண்டு ரசம் வைத்துக் கொண்டுவந்தவர்கள், ஊரில் அப்பா தவறிய இரவில் விமான நிலையத்துக்கு வண்டி ஓட்டியவர்கள் அந்த வாட்ஸ்அப் குழுவில்தான் இருப்பார்கள். அவர்களைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது. ஆனால் யாருக்குமே கிடையாது என்று சொன்னால் யாருக்கும் வலிக்காது என்று அவர் நினைக்கிறார், அங்கேதான் தவறுகிறார். ஆறு வருடமாக நடந்தது ஏழாவது வருடம் ஏன் நின்றது என்று பிள்ளைகள் கேட்பார்கள். திங்கட்கிழமை காலை பள்ளிப் பேருந்திலேயே அதற்குப் பதில் கிடைத்துவிடும். அப்புறம் எல்லோருடைய மேஸையும் கெடுத்தவள் என்ற பெயர் அந்த எட்டு வயதுக் குழந்தையின் மேல் விழும். இப்போது இரண்டு அம்மாக்கள் மட்டும் செய்வதை, ரத்து செய்தால், நீங்கள் எல்லோர் சார்பிலும் செய்ததாக ஆகிவிடும்.

குழந்தைகளோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து பேசுவதுதான் இருபது வருடத்துக்கும் மேலாக என் வேலை. இப்படிப்பட்ட பிள்ளைகள் என்னிடம் சொல்வதில் அடி, உதை, வசவு எல்லாம் உண்டு. ஆனால் சின்னப் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொல்வது வேறு. "முன்னாடியெல்லாம் பர்த்டேக்குக் கூப்பிடுவாங்க, இப்ப கூப்பிடறதில்ல." யாரும் அவர்களை நேரில் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அழைப்பு வராமல் போயிருக்கும், அவ்வளவுதான். எட்டு வயதில் அதை எதிர்த்துப் பேசவும் முடியாது, அம்மாவிடம் புகார் சொல்லவும் முடியாது. தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்ற முடிவுக்குக் குழந்தை வந்துவிடும்.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிற்றூரில் படித்தவள். எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தான், அப்படித்தான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. பாண்டியாட எங்களோடு வந்து நிற்பான். எங்களில் ஒருத்தி சேர்க்கலாம் என்பாள், இன்னொருத்தி வேண்டாம் என்பாள். நான் எதுவும் சொன்னதில்லை. எட்டாம் வகுப்பு அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு அந்தப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. ஏன் என்று ஆசிரியர்களும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இந்தப் படிப்பைப் படித்து இந்த வேலைக்கு வந்த பிறகுதான், அந்தப் பிள்ளை எங்களோடு நின்றது ஏன் என்று எனக்குப் புரிந்தது. ஒரு வார்த்தை, "வா, நீயும் ஆடு" என்று சொல்லியிருக்கலாம். உங்கள் கடிதத்துக்கு நான் உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, உங்கள் மகள் குழம்பிவிடுவாளா என்ற பயத்துக்கு வருகிறேன். மூன்று வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் தான் பெண்ணா ஆணா என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள். நான்கைந்து வயதில், முடியை வெட்டினால் பெண் பையனாகிவிடுவாளோ என்று சந்தேகப்படுவார்கள். ஆறு, ஏழு வயதுக்குள் அந்தச் சந்தேகம் போய், தான் யார் என்பது உறுதிப்பட்டுவிடும். உங்கள் மகள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள். பக்கத்தில் ஒரு தோழி இருக்கிறாள் என்பதால் ஒரு குழந்தையின் பாலின உணர்வு மாறிப் போனதை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. அவள் கேட்டால் பதில் மிகச் சுருக்கமாக இருக்கட்டும்: "அவ பிறந்தப்போ எல்லாரும் பையன்னு நினைச்சாங்க. உள்ளுக்குள்ள அவளுக்குத் தான் பொண்ணுன்னு தெரிஞ்சுது. இப்ப அவ பொண்ணா இருக்கா." அவ்வளவு போதும். "நானும் ஒருநாள் பையனா மாறிடுவேனா?" என்று கேட்டால் பதறாதீர்கள். "உனக்கு எப்படித் தோணுது?" என்று திருப்பிக் கேளுங்கள். "பொண்ணுன்னுதான்" என்பாள். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு இட்லியை எடுத்து வையுங்கள்.

உங்கள் நண்பர்கள் மனதில் ஊசி, மருந்து, அறுவைச் சிகிச்சை என்று ஏதேதோ ஓடிக்கொண்டிருக்கலாம். பருவம் எட்டாத குழந்தைக்கு அப்படி எந்த மருத்துவமும் கிடையாது. பெயர், உடை, முடி, அவன் என்பதற்குப் பதில் அவள் என்று சொல்வது, இந்த வயதில் நடப்பது இவ்வளவுதான். இதுகூட எப்போது, எப்படி என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு உண்டு, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2018இல் குழந்தை சொல்வதைக் கேட்டு ஆதரவாக நிற்கச் சொன்னது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான மருத்துவ சேவையை ஆராய்ந்து இங்கிலாந்தில் 2024இல் வெளிவந்த காஸ் அறிக்கை, சின்ன வயதில் நிதானமாகப் போகச் சொன்னது. பிரின்ஸ்டனில் உளவியலாளர் கிறிஸ்டினா ஓல்சன் குழுவினர் இப்படிப் பெயரும் உடையும் மாற்றிக்கொண்ட 317 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாக ஐந்து வருடம் கழித்து 94 சதவீதம் பேர் திருநர் என்றே தங்களை அடையாளப்படுத்தினார்கள். நடுவில் ஒருமுறையாவது அடையாளத்தை மாற்றிக்கொண்டவர்கள் 7.3 சதவீதம்.

இந்த விவாதம் முக்கியமானதுதான். ஆனால் அது நடக்க வேண்டிய இடம் அந்தக் குழந்தையின் வீடும் அவளுடைய மருத்துவரின் அறையும். உங்கள் வாட்ஸ்அப் குழு எந்த முடிவுக்கு வந்தாலும் அந்தக் குழந்தை யார் என்பது அதனால் மாறப்போவதில்லை. ஒரு பேச்சுக்கு, அவள் அந்த 7.3 சதவீதத்தில் ஒருத்தி என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வேறு மாதிரி உணர்ந்தால், அன்றைக்கும் அவளுக்குத் தன்னை ஒதுக்காத தோழிகள் வேண்டும், இல்லையா?

இங்கிலாந்துச் செய்தி உண்மைதான். 2025 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் பெண் என்ற சொல் பிறப்பிலான பாலினத்தையே குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து டிசம்பரில் அந்நாட்டுப் பெண் சாரணர் அமைப்பான கேர்ள்கைடிங், திருநங்கைச் சிறுமிகள் இனிப் புதிதாகச் சேர முடியாது என்று அறிவித்தது. தாங்கள் விரும்பி எடுத்த முடிவு அல்ல என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். உங்கள் நண்பர் அனுப்பிய செய்தித் துணுக்கில் அந்த வரி இருந்ததா என்று பாருங்கள். எப்படியிருந்தாலும் அது வேறு நாடு, வேறு சட்டம், வேறு அமைப்பு. நியூ ஜெர்சியின் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் பாலின அடையாளம் 2007இலிருந்தே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பண்ணைக்காரர் நினைத்தால்கூட இந்தக் காரணத்துக்காக அவளைத் திருப்பி அனுப்ப முடியாது. உங்கள் பட்டியலுக்குள் மட்டும் எந்தச் சட்டமும் வராது. அங்கே யார் இருக்க வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கிறது.

அமெரிக்கக் கேர்ள் ஸ்கவுட்ஸுக்கு இது புதிதும் இல்லை. 2011இல் கொலராடோவில் ஏழு வயதுக் குழந்தை ஒன்றை ஒரு ட்ரூப் லீடர் சேர்க்க மறுத்தார். மாநில அமைப்பு தலையிட்டு, ஒரு குழந்தை தன்னைப் பெண்ணாக உணர்ந்து, குடும்பமும் பெண்ணாக வளர்த்தால் எங்களுக்கு அவள் கேர்ள் ஸ்கவுட்தான் என்று வெளிப்படையாக அறிவித்தது. அதற்கு எதிர்ப்பும் வந்தது. லூசியானாவில் சில ட்ரூப்புகள் கலைந்தே போயின. எனக்கு அதைவிடப் பிடித்தது 2015இல் மேற்கு வாஷிங்டனில் நடந்தது. அங்குள்ள கவுன்சிலுக்கு, அதாவது கேர்ள் ஸ்கவுட்ஸின் வட்டார அமைப்புக்கு, ஒருவர் ஒரு லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தார். பிறகு, இந்தப் பணம் திருநங்கைச் சிறுமிகளுக்குச் செலவாகாது என்று உறுதி கொடுங்கள், இல்லாவிட்டால் திருப்பித் தாருங்கள் என்று எழுதினார். வசதியில்லாத பிள்ளைகளை முகாமுக்கு அனுப்ப அவர்கள் நம்பியிருந்த பணம் அது. திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நடந்ததைச் சொல்லி மக்களிடம் கேட்டபோது, சில நாட்களில் மூன்று லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது.

இன்னொன்று. ட்ரூப் கூட்டத்தில் உங்கள் மகள் சொல்லும் கேர்ள் ஸ்கவுட் சட்டத்தின் கடைசி வரி உங்களுக்கும் மனப்பாடமாக இருக்கும்: ஒவ்வொரு கேர்ள் ஸ்கவுட்டுக்கும் சகோதரியாக இருப்பேன். மூன்று விரல்களை உயர்த்தி உறுதிமொழி எடுக்கும் பிள்ளைகள் இதையும் நம்பித்தான் சொல்கிறார்கள். உங்கள் மகள் நேற்று இரவு கேட்ட கேள்வி அங்கிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம். நீங்கள் துணை லீடர் என்பதால் இன்னொன்றும் இருக்கிறது. ட்ரூப்பில் யார் இருக்கலாம் என்பதை வாட்ஸ்அப்பில் வாக்கெடுத்து முடிவு செய்ய முடியாது. அவள் முறைப்படி பதிவு செய்த உறுப்பினர். அந்த அம்மாக்கள் கேட்டால் இதைக் கோபமில்லாமல், தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பாத்ரூம் பிரச்சினை, உண்மையைச் சொன்னால், சோளக்காட்டில் இல்லவே இல்லை. ஆறு வருடமாகப் போகிறீர்கள், யோசித்துப் பாருங்கள். பண்ணைகளில் பெரும்பாலும் வரிசையாக வைத்திருப்பது ஒருவர் மட்டும் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்ளும் பிளாஸ்டிக் கழிப்பறைகள்தான்.

இரவு முகாம் அப்படியில்லை. அதைப் பற்றிக் கேட்கும் அம்மாக்களை மோசமானவர்கள் என்று நினைக்காதீர்கள். பெண் பிள்ளையை முதன்முதலாக வெளியில் தூங்க அனுப்பும்போது எந்த அம்மாவுக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். அந்தக் கவலைக்கு நேரான பதில் கொடுங்கள். உறவுக்காரர் அல்லாத, அனுமதி பெற்ற இரண்டு பெரியவர்களாவது எப்போதும் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பது அமைப்பின் விதி. அதைச் சொல்லுங்கள். அதற்கு மேல் உங்கள் ட்ரூப்பில் ஒரு பழக்கத்தைக் கொண்டு வாருங்கள்: உடை மாற்றுவது, குளிப்பது எல்லாம் ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக, தாழ் போட்ட கதவுக்குப் பின்னால். இது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. எட்டு, ஒன்பது வயதில் எத்தனையோ குழந்தைகள் மற்றவர் முன்னால் உடை மாற்றக் கூச்சப்படுவார்கள், படுக்கையை நனைக்கும் பயத்தில் முகாமே வேண்டாம் என்பார்கள். அவர்களுக்கும் இது நிம்மதி. யார் யாரோடு தூங்குவது என்பதை அந்தக் குழந்தையின் பெற்றோரையும் உங்கள் கவுன்சிலையும் கலந்து, ஒவ்வொரு சூழலுக்கும் ஏற்றபடி முடிவு செய்யச் சொல்வதுதான் அமைப்பின் நடைமுறை. இன்னொரு குடும்பம் தன் மகளுக்கு வேறு கூடாரம் கேட்டால் சத்தமில்லாமல் மாற்றிக் கொடுத்துவிடலாம். அந்தக் குழந்தையை மட்டும் தனியாக ஒரு கூடாரத்தில் போட்டுவிடாதீர்கள். எதற்காக அந்தக் கூடாரம் தனியாக நிற்கிறது என்று காலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும்.

விஷயம் தெரியாத குடும்பங்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லாதீர்கள். நல்ல எண்ணத்தில்கூட வேண்டாம். இது அவளுடைய சொந்த விஷயம், யாரிடம் எப்போது சொல்வது என்று அவளும் அவள் பெற்றோரும் முடிவு செய்வார்கள். மற்ற பிள்ளைகளைப் பற்றி, இவளுக்கு இன்ன சிகிச்சை நடக்கிறது, அவள் பெற்றோர் பிரிந்துவிட்டார்கள் என்று அழைப்பிதழோடு சேர்த்து அனுப்புவோமா? யாராவது நேரடியாகக் கேட்டால், "அவ நம்ம ட்ரூப் பொண்ணு" என்பது முழுமையான பதில். பழைய பெயரை மட்டும் வீட்டில், கணவரிடம் பேசும்போதுகூடச் சொல்லாமல் பழகுங்கள். வீட்டில் பழகிவிட்டால் வெளியில் வாய் தவறாது.

உங்கள் மாமியாரைப் பற்றி நீங்கள் அதிகம் பயப்படுகிறீர்கள் என்று தோன்றுகிறது. என்னிடம் வந்த பாட்டிகளில் பலர், அவர்கள் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டவர்கள். நம் ஊரில் வயதானவர்களுக்கு இது தெரியாத விஷயம் இல்லையே. கூவாகத்தில் சித்திரை மாதம் நடக்கும் கூத்தாண்டவர் திருவிழாவைக் கேள்விப்படாத கும்பகோணத்துக்காரர் இருக்க மாட்டார். மேஸுக்குள் நுழையும்போது அவரே பேரப்பிள்ளைகளுக்கு அபிமன்யு கதையைத் தொடங்கினாலும் தொடங்குவார், வியூகத்துக்குள் போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது என்று. அபிமன்யுவும் அர்ச்சுனன் மகன், களப்பலியான அரவானும் அர்ச்சுனன் மகன்தான். அந்த அரவானுக்காகத்தான் கூவாகத்தில் திருநங்கைகள் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அழுகிறார்கள். பேச்சை அங்கிருந்து எடுங்கள்.

ஆனால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். நம் தலைமுறைக்கும் அவர்கள் தலைமுறைக்கும் திருநங்கை என்றதும் மனதில் வருவது திருவிழாவும் பேருந்து நிலையமும்தான். அவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் எட்டு வயதுக் குழந்தைகளாக யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. வீடும் பள்ளியும் அவர்களைத் தங்களோடு வைத்துக்கொண்டிருந்தால் எத்தனையோ பேர் வேறு வாழ்க்கை வாழ்ந்திருப்பார்கள். மாமியாரிடம் நர்த்தகி நடராஜைப் பற்றிச் சொல்லுங்கள். மதுரையில் பிறந்து, தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் நடனம் பயின்றவர். 2019இல் பத்மஸ்ரீ வாங்கினார். கிட்டப்பா பிள்ளை பெயரைச் சொன்னால் உங்கள் மாமியார் நிமிர்ந்து உட்காருவார் பாருங்கள். வந்தவர் யார் என்று பார்க்காமல், ஆட வந்த பிள்ளை என்று பார்த்து அந்த ஆசான் உள்ளே விட்டார். இந்தியாவிலேயே முதன்முதலாகத் திருநங்கைகளுக்கு 2008இல் நல வாரியம் வைத்ததும் தமிழ்நாடுதான். நம் ஆட்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லை என்று உங்கள் குழுவில் யாராவது எழுதினால் இதை நினைவுபடுத்துங்கள்.

ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியதற்காகத் தயவுசெய்து கூச்சப்படாதீர்கள். 2021இல் மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள் சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இதைப் பற்றிய புரிதல் போதவில்லை என்று நீதிமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார். ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகே உத்தரவை எழுதினார். பள்ளிகளும் பெற்றோர்களும் இந்தப் பிள்ளைகளை எப்படி நடத்த வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் வந்தது. ஒரு நீதிபதி கேட்டுத் தெரிந்துகொண்டார், நீங்களும் கேட்டிருக்கிறீர்கள்.

அந்த இரண்டு அம்மாக்களிடம் குழுவில் வாதாட வேண்டாம். எழுத்தில் ஆரம்பித்தால் ஆளாளுக்குச் செய்தியும் வீடியோவும் அனுப்பி, கடைசியில் அந்தக் குழந்தையின் பெயர் இருபது போன்களில் சுற்றும். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். முதலில் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள். பிறகு, "எல்லாப் பிள்ளைகளையும்தான் கூப்பிட்டிருக்கேன். நீங்க வந்தா எனக்கு சந்தோஷம். உங்களுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் எடுக்கறேன்" என்று சொல்லுங்கள். ஒருவர் வராமல் போகலாம். அது உங்களுக்கு வலிக்கும், ஆறு வருடப் பழக்கம். அந்த வலியைத் தவிர்க்க ஏதாவது வழி இருக்கிறதா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். எல்லா வழியிலும் அதே வலி அந்தக் குழந்தையிடம் போய்ச் சேர்கிறது. அவளைவிட நீங்கள் அதைத் தாங்குவீர்கள். அவர்களுக்கான கதவைத் திறந்தே வையுங்கள். அடுத்த வருடமே வந்து நிற்பார்கள், பல முறை பார்த்திருக்கிறேன்.

அன்றைய நாளில் சின்னச் சின்ன ஏற்பாடுகள் உதவும். மேஸுக்குள் போகப் பிள்ளைகளை நான்கு நான்கு பேராக நீங்களே பிரித்துவிடுங்கள். "யாரோட போறீங்க?" என்று பிள்ளைகளிடம் விட்டால் கடைசியில் யாரோ ஒருத்தி மிஞ்சுவாள், அது அவளாக இருக்கும் வாய்ப்பு அதிகம். உங்கள் மகளும் அவளும் ஒரே அணியில் இருக்கட்டும், ஆனால் மற்ற இருவர் வேறு வீட்டுப் பிள்ளைகளாக இருக்கட்டும். ஒரு பிள்ளை கையில் வரைபடம், ஒருத்தி கையில் துளை போடும் அட்டை, ஒருத்தி கையில் உதவி கேட்கத் தூக்கிக் காட்டும் கொடி, இன்னொருத்திக்கு வலது கைப்பக்கச் சோளத் தட்டையை விடாமல் தொட்டுக்கொண்டே நடக்கும் வேலை. அப்படி நடந்தால் பல மேஸ்களில் வெளியே வந்துவிடலாம், நேரம்தான் கொஞ்சம் ஆகும். இவ்வளவு வேலை கையில் இருந்தால் யார் எப்படி இருந்தார்கள் என்று கேட்க அந்த வயதில் யாருக்கும் நேரம் இருக்காது. நான் முதன்முதலில் போன மேஸில் எங்கள் குடும்பமே ஒன்றரை மணி நேரம் சுற்றியது. அமெரிக்காவில் இந்தச் சோளக்காட்டு வழக்கம் தொடங்கியதே உங்கள் பக்கத்து மாநிலத்தில்தான், 1993இல் பென்சில்வேனியாவின் ஆன்வில் ஊரில் சுமார் மூன்று ஏக்கரில் டைனோசர் வடிவில் வெட்டினார்கள். பிள்ளைகளுக்கு இந்தக் கதை பிடிக்கும், வண்டியில் போகும்போது சொல்லுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் போன் செய்வது. குறுஞ்செய்தி வேண்டாம், குரலில் கூப்பிடுங்கள். தனிக் குழு தொடங்கிய விஷயம் அவர் காதுக்கு ஏற்கெனவே எட்டியிருக்கக்கூடும். அதனால் முதலில் தயங்குவார். வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிப் பார்ப்பார். அப்போது விளக்கம் எதுவும் கேட்காதீர்கள். உடம்பைப் பற்றி, மருத்துவரைப் பற்றி, எப்போது தெரிந்தது என்பதைப் பற்றி ஒரு கேள்வியும் வேண்டாம். மற்ற எல்லா அம்மாக்களிடமும் கேட்பதைக் கேளுங்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளுமா, புளியோதரையில் போடலாமா? உயரமான சோளத்துக்குள் போகப் பயப்படுவாளா? தம்பி தங்கை யாராவது வருகிறார்களா, எத்தனை டிக்கெட் எடுக்கட்டும்? "என் பொண்ணு தினமும் கேக்கறா, அவ வராம இவ வரமாட்டா" என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. அப்படியும் அவர்கள் வரவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். அடுத்த வாரம் உங்கள் வீட்டுக்குத் தோசைக்குக் கூப்பிடுங்கள்.

வார இறுதி டிக்கெட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், நவம்பர் தொடங்கியதும் பண்ணைக்காரர்கள் சோளத்தை அறுத்துவிடுவார்கள். இந்த வியாழக்கிழமைக்குள் பேசிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் குடும்பநல ஆலோசகர்